யாருக்கும் தெரியாத பணம்

எல்லார் கையிலும் ஏற்கெனவே இருக்கிற ஒரு பொருளையே இன்னொரு தடவை அவர்களிடம் விற்கச் சொன்னால் எப்படி இருக்கும்? அதுதான் டிஜிட்டல் ரூபாயைப் பிரச்சாரம் செய்யும் வேலை. நீங்களும் வெயிலில் மடக்கு மேசை போட்டு உட்கார்ந்து, போகிறவர் வருகிறவரைக் கூப்பிட்டு எதையாவது தலையில் கட்டிப் பார்த்தவராக இருந்தால், மேற்கொண்டு நான் விளக்கவே வேண்டாம்.

வங்கி நேரடியாக என்னை எடுக்கவில்லை. வங்கிக்கு ஆள் சேர்த்துக் கொடுக்கும் ஒரு ஏஜென்சி எடுத்தது. வில்லியனூர், பாகூர் இரண்டு கொம்யூன் பஞ்சாயத்தும் என் பொறுப்பு. ஒரு குடை, ஒரு மேசை, ஒரு பேனர், அளவு பெரிதான ஒரு டீ-ஷர்ட். ஒரு நாளைக்குப் பத்துப் பேருடைய போனில், இந்த ரூபாயை வைத்துக்கொள்ளும் வாலட் திறக்க வேண்டும். அதற்கு முன் தண்ணீர் ஃபில்டர் விற்றுக்கொண்டிருந்தேன். அதிலாவது கடைசியில் ஒரு டம்ளர் தண்ணீரை ஊற்றிக் காட்டலாம்.

பாத்திரக் கடை பாய்

முதல் வாரம் வில்லியனூரில் ரஹீம் பாயின் பாத்திரக் கடை வாசலில் மேசை போட்டேன். நிழலுக்காக அவரே உள்ளே நாற்காலி போட்டுக் கொடுத்தார். அவர் கடையில் ஏற்கெனவே க்யூஆர் அட்டை தொங்கியது. அப்புறம் இது எதற்கு என்று கேட்டார். அது ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்குப் போகிற பணம், இது நோட்டே போனுக்குள் வந்து உட்காருவது மாதிரி என்று, பயிற்சியில் சொன்னதை அப்படியே ஒப்பித்தேன். அவர் கல்லாவிலிருந்து ஒரு கசங்கிய நூறு ரூபாய் நோட்டை எடுத்து, இது எனக்கு முன்னால் யார் கையில் இருந்தது என்று சொல்ல முடியுமா என்றார். முடியாது என்றேன். உன் போனில் இருக்கிறதைச் சொல்ல முடியுமா என்றார்.

சின்னத் தொகைக்கு யாரும் பார்க்க மாட்டார்கள், நோட்டு மாதிரியேதான் என்றேன். பார்க்க மாட்டார்களா, பார்க்கவே முடியாதா என்று அடுத்த கேள்வி. அதைப் பயிற்சியில் சொல்லித் தரவில்லை. திருடன், ஏமாற்றுக்காரன் கையில் போனால் கண்டுபிடிக்க வழி இருக்க வேண்டாமா என்று நான் திருப்பிக் கேட்டேன். அதுவும் நியாயம்தான் என்று ஒத்துக்கொண்டு டீ வரவழைத்தார். என் முகத்துக்காகச் சேரவும் சேர்ந்தார். ஆதார், பான், போன் நம்பர், ஓடிபி என்று ஒவ்வொன்றாக நான் கேட்டு முடித்தபோது, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்: "பேரு யாருக்கும் தெரியாதுன்னு சொல்றதுக்குள்ள என்கிட்ட எல்லாத்தையும் வாங்கிட்டியேம்மா."

பயிற்சி வகுப்பு

பாய் கேட்ட கேள்வியை அடுத்த பயிற்சி வகுப்பில் கேட்டேன். சென்னையிலிருந்து வந்திருந்தவர் மரியாதையாகத்தான் பதில் சொன்னார். கடைக்காரருக்கு நம் விவரம் போகாது. வாலட் யாருடையது என்பது வங்கிக்குத் தெரியும். சட்டப்படி கேட்டால் கொடுத்தாக வேண்டியிருக்கும். கணக்கிலிருந்து வாலட்டுக்குப் பணம் ஏற்றும்போது பாஸ்புக்கில் ஒரு வரி விழும். எல்லாவற்றையும் நான் நோட்டில் எழுதிக்கொண்டேன். அந்தக் கடைசி வரியையும்தான்.

வெளியே வந்ததும், எங்கள் சூப்பர்வைசர் பிரபுவிடம், அப்படியென்றால் "யாருக்கும் தெரியாது" என்று சொல்வது தப்பில்லையா என்று கேட்டேன். அவர் கெட்டவர் இல்லை. எனக்கு மேல் அவர், அவருக்கு மேல் இன்னொருவர், எல்லாருக்கும் டார்கெட். பைக்கில் ஏறி ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, பொறுமையாகவே சொன்னார்: "சந்தேகத்த எல்லாம் வூட்ல வெச்சிட்டு வா. ஜனங்க உன் மூஞ்சியப் பாத்துதான் சேர்றாங்க, ஆப்பப் பாத்து இல்ல."

பாகூர் மீன் கடையில்

கலையரசி அக்கா நரம்பையிலிருந்து தினமும் காலையில் ஷேர் ஆட்டோவில் கூடையோடு பாகூருக்கு வந்து மீன் விற்பவர். நாற்பது வயதிருக்கும். கணவர் முன்பு படகில் போய்க்கொண்டிருந்தவர். கடலில் இடுப்பில் அடிபட்ட பிறகு போவதில்லை. சாராயக்கடைக்கு மட்டும் போவார். ஒரே மகள் பவித்ரா பிளஸ் டூ முடித்துவிட்டு, நர்சிங் படிப்பில் சேரக் காத்திருந்தாள்.

பாகூரில் இரண்டு ஓட்டல்கள் அக்காவிடம் மீன் வாங்கிவிட்டு, பணத்தை அவர் வங்கிக் கணக்கில் போடும். அந்தப் பாஸ்புக் கணவரிடம் இருந்தது. மாதத்துக்கு ஒரு முறை வங்கியில் அதில் வரி போட்டுக்கொண்டு வந்து, இருப்பதைக் கேட்டு வாங்கிக்கொள்வார். மகள் படிப்புக்கென்று கொஞ்சம் ஒதுக்க அக்கா வழி தேடிக்கொண்டிருந்தார். மூன்று நாள் என் மேசையைத் தூரத்திலிருந்து பார்த்துவிட்டு, நாலாம் நாள் வியாபாரம் முடிந்து, கையைக் கழுவிக்கொண்டு மகளோடு வந்தார். மற்றவர்கள் மாதிரி அவர் வங்கியைப் பற்றியோ அரசாங்கத்தைப் பற்றியோ கேட்கவில்லை. இதில் போட்டால் வீட்டுக்காரருக்குத் தெரியுமா என்று மட்டும் கேட்டார். தெரியாது என்றேன். மறுபடியும் கேட்டார். யாருக்குமே தெரியாது என்றேன்.

பாஸ்புக்கில் ஒரு வரி விழும் என்பது அந்த நிமிஷம் என் நினைவில் இருந்தது. அத்தனை வரிக்கு நடுவில் அதை யார் உட்கார்ந்து படிக்கப் போகிறார்கள் என்று நினைத்தேன். அன்றைக்கு எனக்கு ஒன்பது பேர் ஆகியிருந்தது. அவர் பத்தாவது. பவித்ரா சொல்லிக் கொடுக்க, அக்கா தன் விரலாலேயே பின் நம்பரை அழுத்தினார். பிறகு போனைப் புடவை மடிப்பில் செருகிக்கொண்டு, முதல் தடவையாகச் சிரித்தார்: "அரிசி டின்ன கண்டுபுடிச்சாரு, சாமி படத்துக்குப் பின்னாடி கண்டுபுடிச்சாரு. இத எப்படிக் கண்டுபுடிக்கிறாருன்னு பாப்போம்."

அபிஷேகப்பாக்கத்தில் ஒரு கேள்வி

ஒரு நாள் அபிஷேகப்பாக்கத்தில் கூட்டம் போட்டோம். நடவு முடிந்திருந்த நேரம், ஆட்கள் நிறையவே வந்தார்கள். பிரபு மைக்கைப் பிடித்து, இந்த ரூபாய் எங்கே கிளம்பி எங்கே போனது என்று தேவைப்பட்டால் கண்டுபிடித்துவிடலாம், கள்ளப்பணத்துக்கு இடமே இல்லை என்றார். பத்து நிமிஷம் கழித்து, உங்கள் செலவு விவரம் ரகசியமாகவே இருக்கும் என்றும் சொன்னார். இரண்டும் எப்படி ஒன்றாக நடக்கும் என்று ஒரு பெண் எழுந்து கேட்டார். பிரபு என்னைப் பார்த்தார். நான் பேனர் கட்டிய கயிற்றைச் சரி செய்தேன். பின் வரிசையில் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டிருந்த ஒரு விவசாயி உட்கார்ந்தபடியே சொன்னார்: "எலெக்‌ஷனுக்குத் தர்ற காச முதல்ல இதுல தரச் சொல்லுபா. அன்னிக்கு நானும் சேர்றேன்."

நாலு நாள் வராதவர்

அதற்கு இரண்டு மாதம் கழித்து, கலையரசி அக்கா தொடர்ந்து நாலு நாள் கடைக்கு வரவில்லை. பக்கத்தில் மீன் விற்கும் பெண்ணிடம் விசாரித்தேன். கூடையைப் பார்த்தபடியே, நீயே போய்ப் பார்த்துக்கொள் என்றார். அன்று மதியம் மேசையை மடக்கி வைத்துவிட்டு நரம்பைக்குப் போனேன்.

அக்கா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். இடது கையில் மாவுக்கட்டு. ஒரு பக்கக் கன்னம் கறுத்திருந்தது. நடந்ததைப் பவித்ராதான் சொன்னாள். அப்பா பாஸ்புக்கில் வரி போட்டபோது, புரியாத ஒரே மாதிரி வரி திரும்பத் திரும்ப வந்திருக்கிறது. கவுண்டரில் இருந்தவரிடம் இது என்ன என்று கேட்டிருக்கிறார். கேட்டதற்கு அவர், போனில் இருக்கிற வாலட்டுக்குப் போன பணம் என்று பதில் சொல்லியிருக்கிறார், அவ்வளவுதான். வீட்டுக்கு வந்து போனைப் பிடுங்கி, பின் நம்பரைக் கேட்டு அடித்திருக்கிறார். அக்கா வாயே திறக்கவில்லை. கையைப் பின்னால் முறுக்கியபோது எலும்பு முறிந்த சத்தம் கேட்டதாம். பின் நம்பரைப் பவித்ராதான் சொல்லியிருக்கிறாள். சொல்லும்போது அவள் என்னைப் பார்க்கவில்லை, அம்மாவையும் பார்க்கவில்லை. வாலட்டில் இருந்ததெல்லாம் அன்றைக்கே கணக்குக்குத் திரும்பிப் போய், மறுநாள் ஏடிஎம்மில் வெளியே வந்துவிட்டது. நர்சிங் காலேஜில் முதல் தவணை கட்ட வேண்டிய கடைசி நாள் அதற்குள் போயிருந்தது.

நான் என்னென்னவோ சொன்னேன். அக்கா கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, பாஸ்புக்கில் வரும் என்று உனக்கு முன்னாடியே தெரியுமா என்றார். தெரியும் என்றேன். கோபப்பட்டிருந்தால்கூட நான் தாங்கியிருப்பேன். மகளிடம் எனக்குத் தண்ணீர் கொண்டுவரச் சொல்லிவிட்டு, சாதாரணக் குரலில் சொன்னார்: "நீ பொய் சொல்லலடி. உனக்குத் தெரிஞ்சத சொல்லல, அவ்ளோதான்."

காவல் நிலையத்தில்

இந்தப் பணத்துக்குத் தடயம் இருக்கிறது, அது உதவட்டும் என்று நினைத்து, மறுநாள் அக்காவை வற்புறுத்தி, பவித்ராவையும் சேர்த்துக் காவல் நிலையத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். எந்த நாள், எந்த நேரம், எவ்வளவு என்று போனில் ஒவ்வொன்றும் இருந்தது. எஸ்.ஐ. எங்களை உட்கார வைத்து, நிதானமாக எல்லாவற்றையும் பார்த்தார். போன் அக்காவுடையது. பின் நம்பர் சரியாகப் போடப்பட்டிருந்தது. பணம் போய்ச் சேர்ந்தது அக்காவின் கணக்குக்கே. எடுத்தது அக்காவின் கார்டில்.

சரி, கையை முறித்ததற்கு வழக்குப் போடுங்கள் என்றேன். அவர் ஆஸ்பத்திரி சீட்டைக் கேட்டார். மீன் ஐஸ் உருகிய தண்ணீரில் வழுக்கி விழுந்ததாக அதில் எழுதியிருந்தது. அன்றைக்குக் கணவர் பக்கத்திலேயே நின்றதால் அக்கா அப்படித்தான் சொல்லியிருந்தார். இப்போது மாற்றிச் சொல்லுங்கள், எழுதிக்கொள்கிறேன் என்றார் எஸ்.ஐ. அக்கா பவித்ராவைப் பார்த்தார். கேஸ் என்று வந்தால் பின் நம்பரைச் சொன்னது யார் என்று இவளையும் கூப்பிட்டுக் கேட்பீர்களா என்றார். கேட்க வேண்டியிருக்கும் என்றார் அவர். அக்கா முந்தானையை இழுத்து மாவுக்கட்டை மூடிக்கொண்டு எழுந்துவிட்டார். வாசல்வரை வந்த எஸ்.ஐ. என்னிடம் போனைத் திருப்பிக் கொடுத்துச் சொன்னார்: "பணம் எங்க போச்சுன்னு எல்லாம் தெளிவா இருக்கும்மா. காணாமப் போயிருந்தாதான் நாங்க தேட முடியும்."

மேப்பில் நான்

அதன் பிறகு மேசைக்கு வருகிற ஒவ்வொருவரிடமும், பாஸ்புக்கில் வரி விழும், போனைத் திறக்கிறவருக்கு எல்லாம் தெரியும் என்று முதலிலேயே சொல்லிவிடுவேன். சிலர் நல்லதாய்ப் போயிற்று என்று சேர்ந்தார்கள், பலர் எழுந்து போனார்கள். குறிப்பாகப் பெண்கள். பத்துப் பேர் என்பது மூன்று பேரானது. சில நாள் ஒருவருமில்லை.

மாதக் கடைசியில் பிரபு என்னைப் பாகூர் பஸ் நிறுத்தத்துக்கு வரச் சொன்னார். திட்டத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்துக்கொண்டு போனேன். அவர் திட்டவில்லை. நாங்கள் எல்லாரும் வருகைப் பதிவுக்காகப் போனில் ஒரு ஆப் வைத்திருக்க வேண்டும். அது நாங்கள் நிற்கும் இடத்தையெல்லாம் ஏஜென்சிக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். வேலை நேரத்தில் நான் நரம்பையில் இருந்ததும், காவல் நிலையத்தில் இருந்ததும் சிவப்புப் புள்ளியாக வந்திருந்தன. அந்த இரண்டு நாள் சம்பளம் கிடையாது, அடுத்த மாதம் வேலையும் கிடையாது. எதற்குப் போனேன் என்று விளக்க ஆரம்பித்தேன். அவர் முகத்தில் நிஜமாகவே வருத்தம் இருந்தது: "நீ எதுக்குப் போனேன்னு எனக்குத் தெரியும். மேப்ல அது வராதே."

திரும்பவும் மீன் வாங்கப் போனது

வேலை போன பிறகு ஒரு தடவை பாகூருக்கு மீன் வாங்கப் போனேன். மீன் வாங்க மட்டும் போகவில்லை என்பது உங்களுக்கே தெரிந்திருக்கும். கலையரசி அக்கா பழைய இடத்திலேயே இருந்தார். கட்டு பிரித்திருந்தார்கள், ஆனால் இடது கை முழுசாக மடங்கவில்லை. அதனால் மீனை அரிவது பவித்ரா. படிப்பு இந்த வருஷம் போயிற்று, அடுத்த வருஷம் பார்க்க வேண்டும் என்றாள். விரலெல்லாம் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது, இன்னும் கை பழகவில்லை.

ஓட்டல்காரர்களிடம் இப்போது நோட்டாகவே வாங்கிக்கொள்கிறாராம். கணவருக்குக் காட்ட ஒரு பகுதி மட்டும் கணக்கில் போடுகிறாராம். பாதி விலைக்கே சங்கரா மீனை அள்ளிப் போட்டார். மிச்சத்தை எங்கே வைக்கிறீர்கள், பத்திரமான இடம்தானே என்று வாய் தவறிக் கேட்டுவிட்டேன். அக்கா தராசைக் கீழே வைத்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மீன்காரப் பெண்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். அக்கா கோபமில்லாமல், குழந்தைக்குச் சொல்வது மாதிரிச் சொன்னார்: "மீன் தர்றேன், எடுத்துக்கினு போ. அத மட்டும் உங்கிட்ட சொல்ல மாட்டேன்டி."

பணம் போகும் வழியை வங்கி பார்க்குமா, அரசாங்கம் பார்க்குமா என்று பதினோரு மாதம் இரண்டு கொம்யூன் முழுக்க வாதாடிய எனக்கு, அதே கேள்வியை ஒரு வீட்டுக்குள் வைத்து, வீட்டுக்காரர் பார்ப்பாரா என்றும் கேட்டுப் பார்க்க வேண்டும் என்று அக்காவின் கை முறிகிறவரைக்கும் தோன்றவில்லை.