மூன்றாம் எண் கூண்டு

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஒரு நவம்பர் மாத வெள்ளிக்கிழமை. போர்ட் பிளேயரில் ஷாதிபூரில் இருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை, வடக்கே வேறொரு தீவில் இருக்கிற ரங்கத்தில் என் தம்பிக்கு நிச்சயதார்த்தம். அவனுக்கு முப்பத்தாறு வயது. ஜாதகம், உயரம், ‘மெயின்லேண்ட் மாப்பிள்ளைதான் வேணும்’ என்று ஒவ்வொரு வரனும் ஏதோ ஒன்றில் தட்டிப்போய், கடைசியாக ரங்கத்தில் ஒரு டீச்சர் பெண் அமைந்திருந்தாள். அப்பா இல்லாத வீடு, அம்மா பயந்த சுபாவம். அதனால் எல்லா முடிவும் நான்தான். கல்யாணமாகி இரண்டு தெரு தள்ளிப் போன பிறகும் அந்தப் பதவியை நான் விட்டுக்கொடுக்கவில்லை.

சனிக்கிழமை காலை ஃபீனிக்ஸ் பே ஜெட்டியிலிருந்து ரங்கத்துக்குக் கப்பல். டிக்கெட் எல்லாம் எடுத்தாகிவிட்டது. வெள்ளி மதியம் ஆபீஸில் டிபன் டப்பாவைத் திறக்கும்போது பக்கத்து சீட்டுக்காரி, “கடல்ல ஏதோ தாழ்வு மண்டலமாம், ஜெட்டியில மூணாம் நம்பர் கூண்டு ஏத்திட்டாங்களாம்” என்றாள். சும்மா ஒரு பேச்சுக்குச் சொல்லிவிட்டு ஊறுகாயைத் தொட்டுக்கொண்டாள்.

நான் சும்மா இருப்பேனா? போனை எடுத்து, புயல், மூன்று என்று தேடினேன். இங்கிலீஷில் ஒரு பக்கம் வந்தது. புயல்களுக்கு ஒன்றிலிருந்து ஐந்து வரை ‘கேட்டகரி’ உண்டாம். மூன்று என்றால் கூரை பறக்கும், மரம் வேரோடு சாயும், பல நாள் கரண்டும் தண்ணீரும் இருக்காது என்று போட்டிருந்தது. ஐந்துக்கு மூன்று! அரை நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு ஓடினேன்.

அன்று மதியம் எங்கள் வீட்டில் நடந்ததை இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறார்கள். தம்பியை மொட்டைமாடிக்கு ஏற்றித் தண்ணீர் டேங்க்கை நைலான் கயிற்றால் சுற்றிச் சுற்றிக் கட்டவைத்தேன். கரண்ட் போனால் கெட்டுவிடும் என்று பிரிட்ஜில் இருந்த மீன் அத்தனையையும் அம்மா ஒரேயடியாக வறுத்தாள். வீட்டில் இருந்த பாத்திரம் எல்லாவற்றிலும் தண்ணீர் பிடித்தோம். அண்டா, குண்டா தீர்ந்து, நிச்சயதார்த்தத்துக்கு வாங்கிய வெள்ளிக் குங்குமச்சிமிழிலும் அம்மா தண்ணீர் பிடித்து வைத்திருந்தாள். நாலு சொட்டு பிடிக்கும். வெளியே சுள்ளென்று வெயில் அடித்தது. எதிர்வீட்டுத் தெலுங்குக்கார அம்மா, “க்யா ஹுவா தீதி?” என்றாள், என்ன ஆச்சு அக்கா என்று. “துணியை எல்லாம் உள்ள எடுங்க, தூஃபான், பெரிய புயல் வருது!” என்று கத்தினேன். எடுத்தாள். கொஞ்ச நேரம் வானத்தைப் பார்த்தாள். மறுபடி காயப்போட்டுவிட்டாள்.

இதெல்லாம் போகட்டும். நான் செய்த பெரிய காரியம், ரங்கத்துக்குப் போன் போட்டதுதான். பெண்ணின் அப்பா எடுத்தார். காய்கறித் தோட்டம் வைத்திருக்கிற மனுஷர், அதிகம் பேசமாட்டார்.

“மாமா, பெரிய புயல் வருது. நாங்க வர்றதுக்கில்ல. நிச்சயத்தைத் தள்ளி வெச்சுக்கலாம்.”

“இங்க வானம் வெளுப்பாத்தாம்மா இருக்கு” என்றார். “இனிமே பாருங்க மாமா!” என்றேன், ஏதோ புயலை நானே அனுப்பி வைக்கிற மாதிரி. “சரிம்மா” என்று போனை வைத்துவிட்டார்.

அதன் பிறகு அந்த வீட்டில் யாரும் போனை எடுக்கவில்லை. பெண்ணும் எடுக்கவில்லை. தம்பி கையில் கயிற்றோடு மாடியிலிருந்து இறங்கி வந்து, “அக்கா, என்ன சொன்னே அவங்ககிட்ட?” என்றான். முகம் செத்துப்போயிருந்தது. அப்போதுதான் வரன் பார்த்துக் கொடுத்த சித்தி போனில் வந்தாள்.

“ஏண்டி, உனக்குக் கொஞ்சமாவது புத்தி இருக்கா? அந்தப் பொண்ணுக்கு ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி இதே மாதிரி நிச்சயத்துக்கு ரெண்டு நாள் இருக்கையில ஒருத்தன் வீட்ல போன் பண்ணி, அத்தைக்கு உடம்பு சரியில்ல, தள்ளி வெச்சுக்கலாம்னு சொல்லி அப்படியே கழட்டிவிட்டுட்டான். இப்ப நீங்க புயல்ங்கிறீங்க. அங்க வெயில் கொளுத்துது. அவங்க என்னன்னு நினைப்பாங்க?”

தம்பியின் வாழ்க்கையில் மண்ணைப் போட்டுவிட்டேனோ என்று பதறினேன். ஆனால் அப்போதும் புயல் வரும் என்ற நம்பிக்கை மட்டும் குறையவில்லை. ஜெட்டியில் எழுதிப்போட்டிருப்பதைப் போட்டோ எடுத்து அனுப்பினால் நம்புவார்கள் என்று ஆட்டோ பிடித்து ஃபீனிக்ஸ் பேக்குப் போனேன்.

விசாரணை ஜன்னலில் ஒரு பெங்காலிக்காரர் டீ குடித்துக்கொண்டிருந்தார். “கேட்டகரி த்ரீன்னு எழுதிக் கொடுங்க, போட்டோ எடுக்கணும்” என்றேன். டீ அவருக்குப் புரை ஏறிவிட்டது.

“அரே தீதி, யே தூஃபான் கா நம்பர் நஹி, பந்தர் கா நம்பர் ஹை!” என்றார். இது புயலோட நம்பர் இல்லையாம், துறைமுகத்தோட நம்பராம். பிறகு ஹிந்தியிலும் அரைகுறைத் தமிழிலுமாக எனக்குப் பாடம் நடந்தது. கூண்டு எண் புயலின் பலத்தை அளக்கிறது இல்லையாம். துறைமுகத்துக்கும் கப்பல்களுக்கும் சொல்கிற சேதியாம். மூன்று என்றால், இங்கே திடீர் காற்றும் மழையும் வரலாம், பார்த்து இருங்கள், அவ்வளவுதான். ஐந்து, ஆறு, ஏழு மூன்றும் ஒரே அளவு ஆபத்துதான், புயல் துறைமுகத்துக்கு எந்தப் பக்கமாகப் போகும் என்பதுதான் வித்தியாசம். பலத்தை அளப்பது காற்றின் வேகத்தை வைத்து. அதற்கு நம் பக்கத்தில் பெயர்தான்: தாழ்வு மண்டலம், ஆழ்ந்த தாழ்வு மண்டலம், புயல், தீவிரப் புயல் என்று ஏறிக்கொண்டே போகும். நான் படித்த ஒன்று முதல் ஐந்து அமெரிக்காக்காரன் கணக்கு.

“அப்போ பதினொண்ணு?” என்றேன். எல்லாவற்றிலும் பெரியது அதுதானே!

“வானிலை ஆபீஸோட லைன் கட். போன் போகாது. அதான் பதினொண்ணு.”

ரங்கத்தில் யாரும் போன் எடுக்காத கதையை அவரிடம் சொல்லித் தொலைத்தேன். “அப்போ ஆப்கா கர் மே க்யாரா நம்பர் ஹை!” என்று மேஜையைத் தட்டிச் சிரித்தார். எங்கள் வீட்டில்தான் பதினொன்றாம் நம்பர் ஏறியிருக்கிறதாம். எனக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது.

மறுநாள் கப்பல் என்னவோ ரத்துதான். சும்மா விடுவேனா? தெரிந்தவர் சுமோவைப் பிடித்து, ஏழு பேராக ரோடு வழியாக விடியக்காலை கிளம்பி, ஜிர்காடாங் செக்போஸ்ட்டில், போலீஸ் காவலோடு காட்டைத் தாண்டுகிற முதல் கான்வாயில் சேர்ந்துகொண்டோம். கிளம்பும்போது தம்பி வண்டி மேலே இருந்த சாமான்களைத் தார்ப்பாயால் மூடலாம் என்றான். “இது வெறும் தாழ்வு மண்டலம்டா, காத்துல பலமே இல்ல” என்று புது ஞானத்தில் அவனை அடக்கினேன். அந்தக் கணக்கு காற்றுக்கு மட்டும்தான், மழைக்கு அதில் இடமே இல்லை என்பது வழியில் இருக்கிற பாரடாங் தீவைத் தாண்டுவதற்குள் விளங்கிவிட்டது. அப்படி ஒரு மழை! வண்டியைப் படகில் ஏற்றிக் கடக்கும்போது நாங்கள் எல்லோரும் வெளியே நின்று நனைந்தோம். பட்டுப்புடவைச் சாயம் லட்டில் இறங்கி, அத்தனை லட்டும் கத்திரிப்பூ நிறமாகிவிட்டது.

மதியம் ரங்கத்தில் இறங்கினால், அங்கே சொட்டு மழை இல்லை. நாங்கள் ஏழு பேரும் தொப்பலாக நின்றோம். பெண்ணின் அப்பா வாசலுக்கு வந்தார். வாங்க என்று சொல்லவில்லை. நான் ஒன்றையும் மறைக்கவில்லை. கூண்டு, கேட்டகரி, வறுத்த மீன், குங்குமச்சிமிழ் வரை சொல்லி, “எம்மேலதான் தப்பு மாமா. என் தம்பியை ஒண்ணும் நினைச்சுக்காதீங்க” என்று கையெடுத்துக் கும்பிட்டேன். உள்ளேயிருந்து பக்கென்று ஒரு சிரிப்புச் சத்தம். அந்தப் பெண் துண்டை எடுத்துக்கொண்டு வந்தாள். கண் வீங்கியிருந்தது.

“அண்ணி, இதை நான் அஞ்சாங்கிளாஸ் பிள்ளைங்களுக்கே சொல்லிக்கொடுத்திருக்கேன்” என்றாள்.

“காத்துக்குப் பயந்து வரலேன்னீங்க. இப்ப மழையில நனைஞ்சு வந்து நிக்கிறீங்க. முதல்ல தலையைத் துவட்டுங்கம்மா” என்றார் அவள் அப்பா.

ஞாயிற்றுக்கிழமை நிச்சயதார்த்தம் நல்லபடி நடந்தது. கத்திரிப்பூ லட்டு ஒன்றுகூட மிஞ்சவில்லை. இப்போது அவள் எங்கள் வீட்டு மருமகள். வானம் லேசாக இருட்டினால் போதும், “அண்ணி, எத்தனாம் நம்பர்?” என்று போன் போட்டு என் மானத்தை வாங்குகிறாள்.

நானும் சிரித்துக்கொள்கிறேன். ஆனால் அந்தச் சனிக்கிழமை தலையைத் துவட்டிக்கொண்டே நான் பார்த்தது மட்டும் மனதை விட்டுப் போகவில்லை. முற்றத்தில் நிச்சயதார்த்தப் பந்தலின் மூங்கில் கால்கள் மட்டும் வெறுமனே நின்றன. மேலே போட்டிருந்த கீற்றுகளை இறக்கி ஓரமாக அடுக்கியிருந்தார்கள். வெள்ளிக்கிழமை என் போன் வந்த பிறகு அவள் அப்பாவே ஏணி போட்டு ஏறி, ஒவ்வொன்றாகக் கட்டவிழ்த்தாராம். சாயங்காலம் எல்லோருமாகச் சேர்ந்து மறுபடி வேய்ந்தோம், தம்பிதான் மேலே ஏறிக் கட்டினான். அந்த வாரம் ரங்கத்தில் காற்று ஒரு கீற்றைக்கூட அசைக்கவில்லை. அந்தப் பந்தலைப் பிரித்தது, தீர விசாரிக்காமல் நான் போட்ட ஒரு போன்தான்.