அம்மா கேட்ட டூ கிளாவர்

அப்பா அத்திப்பட்டு அனல்மின் நிலையத்தில் கொதிகலன் ஆபரேட்டர். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் குவார்ட்டர்ஸ் கிளப்பில் பிரிட்ஜ் ஆடுவார். அவருக்கு ஜோடி அம்மாதான். சீட்டையே தொடாத குடும்பத்திலிருந்து வந்தவளுக்குக் கல்யாணமான புதிதில் அவரே ஆட்டத்தைச் சொல்லிக்கொடுத்தாராம். ஆம்பிளைகள் நடுவே உட்கார்ந்து சீட்டாடுகிறாள் என்று சொந்தக்காரர்கள் முகம் சுளித்ததை இருவரும் பட்டம் கிடைத்ததுபோல வைத்துக்கொண்டிருந்தார்கள்.

பார்த்துப் பார்த்து எனக்கும் ஏலம் கேட்கும் முறை பிடிபட்டிருந்தது. கையில் என்ன இருக்கிறது என்று ஜோடிகள் வாய்விட்டுச் சொல்லக் கூடாது. ஏலத்தாலேயே தெரிவிக்க வேண்டும். அப்பா "ஒன் நோ ட்ரம்ப்" என்று தொடங்கி அம்மா "டூ கிளாவர்" என்றால், அவளிடம் கிளாவர் இருக்கிறது என்று அர்த்தமில்லை. ஆர்ட்டினோ இஸ்பேடோ உங்களிடம் நாலு சீட்டு இருக்கிறதா என்று கேட்கிறாள். இவளிடம் நாலு, அவரிடம் நாலு என்று சேர்ந்தால் அதையே துருப்பாக வைத்து ஜெயிக்கலாம். இருந்தால் எதுவென்று சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் "டூ டைமன்". பதில் சொல்லாமல் மட்டும் இருக்கக் கூடாது.

நான் நாலாவது படித்தபோது ஒரு ஞாயிறு அம்மா "டூ கிளாவர்" என்றாள். அப்பா "பாஸ்" என்றார்.

அம்மா நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். ஏலம் அங்கேயே முடிந்து கிளாவரே துருப்பாகிவிட்டது. ஏலம் எடுத்தவரின் ஜோடி விரிக்க வேண்டும் என்ற வழக்கப்படி அப்பா தன் சீட்டுகளை மேசையில் விரித்தார். ராஜாவும் ராணியுமாக நாலு ஆர்ட்டின். அம்மா கையிலும் நாலு இருந்தது. கிளாவர் இரண்டே இரண்டு.

"இன்னா சார், அண்ணி கேட்டது காதுல வுழலியா?" எதிரில் ஆடிய பக்கத்து வீட்டு மாமா சிரித்தார்.

"கிளாவர்தானே கேட்டா, ஆடட்டும்" என்றார் அப்பா. நானும் சிரித்தேன். அம்மா தோற்றாள்.

வீட்டுக்கு நடக்கும்போது அவள் கேட்டாள்: "நான் டூ கிளாவர்னா இன்னா கேக்கறேன்? நீங்கதானே கத்துக்குடுத்தீங்க."

அப்பா நின்று யோசித்தார். "கிளாவர் கேக்கற." அவள் முகத்தைப் பார்த்ததும் குரல் தணிந்தது. "அத்த வுடேன்."

அதற்கு முன்பே ஒருமுறை, ஆரம்பாக்கத்தில் இருக்கும் தன் தங்கை வீட்டுக்கு ரயிலேறியவர், எங்கே இறங்குவது என்று தெரியாமல் திரும்பி வந்திருக்கிறார். அம்மா அதை யாரிடமும் சொல்லவில்லை.

மறுநாள் அவள் தனியாகப் போய் ஷிப்ட் இன்சார்ஜைப் பார்த்தாள். அந்த வாரமே அப்பாவைக் கொதிகலன் வேலையிலிருந்து எடுத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அவர் வேலைக்குத் திரும்பவேயில்லை.

"நீயே போய் சொன்னியா?" என்றார் அப்பா.

"ஆமா. ஒரு வால்வ தப்பா தொறந்தா, அங்க எத்தினி பேரு நிக்கிறாங்க?"

அப்பா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். ஓர் ஆட்டம் தோற்றதற்காக இப்படிப் பழிவாங்குவாளா என்று எனக்கு அம்மாமேல் ஆத்திரம். அவள் ஒரு கம்பெனி கேண்டீனில் வேலைக்குச் சேர்ந்தாள். அப்பா எந்நேரமும் வீட்டில் இருந்தது எனக்குக் கொண்டாட்டமாக இருந்தது.

பள்ளி விட்டு வந்ததும், "எத்தினியாவது படிக்கற?" என்பார். சொல்வேன். கொஞ்ச நேரத்தில் திரும்பக் கேட்பார். எட்டாவது என்பேன், காலேஜ் என்பேன். ஒவ்வொன்றுக்கும் ஆச்சரியப்படுவார், நான் விழுந்து விழுந்து சிரிப்பேன். ஐந்தாவது முடியும் சமயம் ஒருநாள், "எனக்குக் கல்யாணமே ஆயிடுச்சி" என்றேன். அப்பா அவசரமாக எழுந்து, என்னைக் கையெடுத்துக் கும்பிட்டு, "ஒக்காருங்கம்மா, அவ இப்ப வந்துருவா" என்றார்.

அப்பா இவ்வளவு நன்றாக நடிப்பார் என்று எனக்கு அதுவரை தெரியாது. கைதட்டினேன்.