கடைக்குக் கடன் கொடுத்தவள்

புதூர்நாட்டில் எங்களுக்குப் புளி மண்டி இருந்தது. எங்களுக்கு என்பது வாய்ப் பழக்கம். பத்திரப்படி அது என் கணவருக்கும் கொழுந்தனாருக்கும் மட்டும்தான். என் அப்பா எனக்கென்று எழுதிவைத்த நிலத்தை விற்ற பணத்தில் மண்டி ஓடியது. அதற்கு வருஷா வருஷம் எனக்கு வட்டி தந்தார்கள். அவர்கள் இருவரும் திருப்பத்தூரில் விற்பதைப் பார்த்துக்கொண்டார்கள். மலைக்காரர்களிடம் வாங்குவது முழுக்க நான். கூடைக்குள் கைவிட்டு ஈரம் பார்த்து நான் ஒரு விலை சொன்னால் அதற்குமேல் பேச்சில்லை.

எனக்கும் பங்கு போடுங்கள் என்று கேட்டேன். ஆடிட்டர் பதறிவிட்டார். பங்குதாரருக்குக் கொடுக்கும் வட்டியைச் செலவாகக் கழிக்க அன்றைய வருமான வரிச் சட்டம் விடாது. வெளியாளுக்குக் கொடுத்தால் கழிக்கலாம், கடைக்கு வரி குறையும்.

"நீங்க வெளியாளாவே இருங்க அண்ணி, அதான் நமக்கு நல்லது" என்றார் கொழுந்தனார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பணத்தைக் கொடுங்கள், தனியாகக் கடை போடுகிறேன் என்றேன். பணமெல்லாம் புளியாகக் குடோனில் கிடக்கிறதே என்றார்கள். அது பொய்யுமில்லை. உள்ளேயும் விடவில்லை, வெளியேயும் விடவில்லை.

ஒரு பங்குனியில் வருமான வரி இன்ஸ்பெக்டர் ஜீப்பில் மலையேறி வந்தார். வட்டி வாங்கும் அம்மாவே கடையை நடத்துகிறார், அவர்தான் மறைமுகப் பங்குதாரர் என்று யாரோ போட்டுக்கொடுத்திருந்தார்கள். அது உறுதியானால் வட்டிக் கழிவு போய்விடும்.

"நீ வாயத் தொறக்காத. கடன் குடுத்தேன், வட்டி வாங்கறேன், அவ்ளோதான்னு சொல்லு" என்று கணவர் முன்பே சொல்லியிருந்தார். அப்படியே சொன்னேன். இன்ஸ்பெக்டரும் எழுதிக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்து, வழக்கமாக எனக்குப் புளி தரும் ஒரு மலைக்காரப் பெண் வந்து கூடையை என் முன்னால் இறக்கினாள். நான் கணவரைக் கைகாட்டினேன்.

"இன்னாக்கா, எப்பவும் நீதான சொல்லுவ?" என்றாள்.

கணவர் மேலாகத் தொட்டுப் பார்த்துவிட்டு அடிமாட்டு விலை ஒன்று சொன்னார். நல்ல காய்ந்த புளி. கொட்டை, நார் எல்லாம் எடுத்துச் சுத்தமாக இருந்தது. அவள் அவரைப் பார்க்கவேயில்லை. என்னைத்தான் பார்த்தாள். பிறகு கூடையைத் தூக்கப்போனாள்.

"வைம்மா கீழ" என்றேன். சரியான விலையையும் சொன்னேன். இன்ஸ்பெக்டர் நிமிர்ந்து என்னைப் பார்த்துவிட்டு மறுபடி எழுத ஆரம்பித்தார்.

வட்டிக் கழிவு போயிற்று. உத்தரவு வந்த அன்று சாப்பாட்டின்போது இருவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. நானே பேசினேன். "இனிமே என் வட்டியக் கழிக்கவே முடியாது. அப்போ பத்திரத்துலயும் எனக்குப் பங்கு போட்டுடலாமே, இன்னா நஷ்டம்?"

கொழுந்தனார் அண்ணனைப் பார்த்தார். கணவர் சோற்றைப் பிசைந்துகொண்டே, "பொம்பள பேரப் போட்டா ஊருல இன்னா சொல்லுவாங்க" என்றார்.

இத்தனை வருஷமும் நான் சட்டத்தைத் திட்டிக்கொண்டிருந்தேன்.