அம்சா அக்காவின் தலையில் இருந்த கட்டி

அம்சா அக்கா போய்விட்டார்... இன்று காலை, நாகலாபுரத்தில், அவர் வீட்டிலேயே. மகள் போன் செய்து சொன்னாள்.

ரேணிகுண்டா கம்பெனியில் பேக்கிங் செக்‌ஷன். ஆறு வருடம் என் பக்கத்து டேபிள். மாஸ்க் போட்டிருந்தாலும் அக்காவின் பேச்சு கடைசி டேபிள் வரை கேட்கும்.

மகளுக்குக் குழந்தை நல்லபடியாகப் பிறந்தால் முடி கொடுப்பதாக வேண்டுதல். போன வருடம் பேத்தி பிறந்ததும் திருமலைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார். இடுப்பு வரை முடி அவருக்கு. "போனா போவுதுடி, புள்ள நல்லா கீதுல்ல" என்று சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார்.

பாதி தலை மழித்ததும் சவரம் செய்த அம்மாவின் கை நின்றுவிட்டது. காதுக்கு மேலே, சிவப்பாக, சுண்டைக்காய் அளவில் ஒரு கட்டி. பின்னால் இன்னொன்று.

"நொப்பி உந்தாம்மா?" வலிக்கிறதா என்று தெலுங்கில் கேட்டார்.

"லேதம்மா, சூட்டுக் கட்டி" என்றார் அக்கா. என் பக்கம் திரும்பி, "ரெண்டு மாசமா கீது. சந்தனம் அரைச்சுப் போட்டுக்கினுதான் இருக்கேன்" என்றார்.

வலியே இல்லாததற்கு எதற்கு டாக்டர் என்று அவர் கேட்டுக்கொண்டே வர, திருப்பதியில் தோல் டாக்டரிடம் அழைத்துப் போனேன். கொஞ்சம் வெட்டி பயாப்ஸிக்கு அனுப்பினார்கள்.

ரிசல்ட் வந்த அன்றும் நான்தான் கூட இருந்தேன். "இது தோல்ல ஆரம்பிச்சது இல்லம்மா. உள்ள எங்கேயோ கேன்சர் இருக்கு. அங்கேருந்து இங்க வந்திருக்கு" என்றார் டாக்டர்.

ஸ்கேனில் தெரிந்தது. நுரையீரல்.

இருமல்கூடக் கிடையாது அவருக்கு... டபுள் ஷிஃப்ட் பார்த்த நாளிலும் மூச்சு வாங்கி நான் பார்த்ததில்லை.

ஆட்டோவில் திரும்பும்போது திடீரென்று, "நானு பீடியா புடிச்சுக்கினு இருந்தேன்? சொல்லுடி" என்றார். கோபமாக.

மருந்து ஏற்றினார்கள். கட்டி சுருங்கியது. பிறகு மறுபடி வந்தது, கழுத்திலும் வந்தது.

பார்க்கப் போகும்போதெல்லாம் தலையைச் சாய்த்துக் காட்டுவார். "தொட்டுப் பாரு, பெருசாயிக்கினு போவுதா?"

தொட்டுப் பார்ப்பேன். "இல்லக்கா, அப்டியேதான் கீது."

போன வாரம் அவர் கேட்கவில்லை. தலையில் துண்டு கட்டியிருந்தார். "துன்னுட்டுப் போடி" என்று மட்டும் சொன்னார்.

புத்தூர் பஸ் ஸ்டாண்டில் நிற்கிறேன். நாகலாபுரம் பஸ் இன்னும் வரவில்லை.

வந்துக்கினே இருக்கேன்க்கா...