அக்காவின் பெயரில் நான் அனுப்பிய இரண்டு செய்திகள்

அக்காவைக் கைது செய்யப் போலீஸ் வரும் என்று நான் நம்பினேன். சும்மா மேலோட்டமாக நம்பவில்லை. வேங்கிக்காலில் அக்கா வீடு இருக்கும் தெருவுக்குள் வேன் நுழையுமா, முனையிலேயே நிறுத்திவிட்டு நடந்து வருவார்களா, படுத்த படுக்கையாக இருப்பவரைக் கட்டிலோடு தூக்குவார்களா என்பதுவரை யோசித்து வைத்திருந்தேன். நான் ஐம்பத்திரண்டு வயது ஆள். கலெக்டர் ஆபீஸ் எதிரில் ஜெராக்ஸ் கடை வைத்து ஊருக்கெல்லாம் மனு எழுதிக் கொடுக்கிறவன். சட்டம் தெரிந்தவன் என்று என்னிடம் யோசனை கேட்க வருகிறவர்களும் உண்டு. இதைப் படித்த பிறகு அவர்கள் பக்கத்துக் கடைக்குப் போகலாம். அவரும் நன்றாகவே எழுதுவார்.

முதலாம் ஆண்டு நினைவு மலருக்கு அக்காவைப் பற்றி நான்தான் எழுத வேண்டும் என்று மாமா சொல்லிவிட்டார். முறைப்படி பிறப்பிலிருந்து தொடங்குகிறேன். நடுவில் நான் வருவேன். என்னை விட்டுவிட்டு எழுதிப் பார்த்தேன், முடியவில்லை.

அக்கா கீழ்பென்னாத்தூருக்குப் பக்கத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போடும் குடும்பத்தில் பிறந்தார். எங்கள் இருவரில் மூத்தவர். அப்பா காலமானபோது அக்காவுக்குப் பத்தொன்பது வயது, எனக்குப் பதினொன்று. மேலே படிக்கும் ஆசையை விட்டுவிட்டு, பள்ளிக்கூடச் சத்துணவுக் கூடத்தில் அமைப்பாளராகச் சேர்ந்தார். என்னை டைப்பிங் வகுப்பில் சேர்த்தது அவர். நான் ஆறு மாதம் அங்கே போகாமல் வேர்க்கடலை மெஷின் ஓடுவதை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்ததைக் கண்டுபிடித்ததும் அவர்தான்.

மாமா அரசுப் பேருந்தில் நடத்துநராக இருந்தவர். அக்காவுக்கும் மாமாவுக்கும் பிள்ளைகள் இல்லை. யாராவது அதைப் பற்றிப் பேச்செடுத்தால், "இவன் ஒருத்தன் போதாதா?" என்று அக்கா என்னைக் காட்டுவார். எனக்கும் கல்யாணம் ஆகாததால் அந்த இடம் காலியாகவே இல்லை.

அக்காவின் நேர்மையைப் பற்றிச் சொல்ல ஒரு முட்டை போதும். அத்தனை வருட வேலையில் சத்துணவுக் கூடத்திலிருந்து ஒரு முட்டை வீட்டுக்கு வந்ததில்லை. ஒருநாள் நான் கேட்டே விட்டேன்.

"உடைஞ்சு போனதையாவது எடுத்தாரலாமில்லக்கா?"

"உடைஞ்சதும் பசங்களோடதுதான்டா."

அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை. ஆனால் அந்தப் பதில் எனக்கு நினைவிருந்தது. பின்னால் நான் பயந்ததற்கு அதுதான் காரணம்.

ஓய்வு பெற்ற பிறகு அக்கா வீட்டு வேதபாடக் குழுக்களை நடத்த ஆரம்பித்தார். வேங்கிக்காலில் ஒன்று. கீழ்பென்னாத்தூரில் எஸ்தர் டீச்சர் வீட்டில் ஒன்று. ரமணாசிரமம் பக்கம் கெஸ்ட் ஹவுஸ்களில் சமையலும் துப்புரவும் பார்க்கும் பெண்களுக்கு, அவர்கள் வேலை முடிகிற மதிய நேரத்தில் ஒன்று. மூன்றுக்கும் ஒரே புத்தகம். சென்னையிலுள்ள ஒரு கிறிஸ்தவப் பதிப்பகம் எப்போதோ வெளியிட்டது. பன்னிரண்டு பாடம், பாடத்துக்கு எட்டுக் கேள்வி. பிரசங்கம் கிடையாது, கேள்வி மட்டும்தான்.

அக்கா நடத்தும் விதம் உங்களில் பலருக்குத் தெரியும். கேள்வியை வாசிப்பார். பிறகு சும்மா இருப்பார். யாராவது வாய் திறக்கும்வரை மின்விசிறி சத்தம்தான் கேட்கும். கோபத்தில் செய்த ஒரு காரியத்தைச் சொல்லலாமா என்பது ஒரு பாடத்தின் முதல் கேள்வி. வெகு நேரம் கழித்து ஒரு பெண், தன்னைத் திட்டிய விருந்தினரின் டீயில் உப்பைப் போட்டதாகச் சொன்னார். "அவரு ரெண்டாவது டம்ளரும் கேட்டாரும்மா" என்றார். அன்றைக்கு மீதி ஏழு கேள்விகளும் நடக்கவில்லை. அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

புத்தகம் கடையில் கிடைக்கவில்லை. இருந்த ஒரே பிரதியிலும் தாள்கள் கழன்றுகொண்டிருந்தன. ஒருநாள் அதை என் கடைக்கு எடுத்துவந்தார்.

"இதை எல்லாருக்கும் கிடைக்கற மாதிரி ஏதாச்சும் செய்ய முடியுமாடா?"

"ஒரு வாரம் குடுக்கா. ஊரு பூரா போகும்."

"புத்தகம் போட்டவங்களைக் கேட்டுட்டு செய்."

"கேட்கறேன்க்கா."

நான் கேட்கவில்லை. கேள்விக்கெல்லாம் யார் சொந்தம் கொண்டாடுவார்கள் என்று நினைத்தேன். ஒரு வாரம் உட்கார்ந்து முழுப் புத்தகத்தையும் டைப் செய்தேன். கெஸ்ட் ஹவுஸ் பெண்களுக்காக எழுத்தைப் பெரிதாக வைத்தேன். எனக்குத் தொழில் பக்தி ஜாஸ்தி. அதனால் எதையும் விடவில்லை. 'பதிப்பாளரின் எழுத்துப்பூர்வமான அனுமதியின்றி இந்நூலின் எப்பகுதியையும் நகலெடுக்கக் கூடாது' என்ற வரியையும் டைப் செய்தேன். அதில் ஒரு ஒற்றெழுத்து விட்டுப் போயிருந்தது. திருத்தினேன்.

என் கடையில் எந்தத் தாள் அடித்தாலும் அடியில் கடைப் பெயரும் விலாசமும் செல் நம்பரும் தானாக வந்துவிடும். 'இங்கு மனுக்கள் சிறந்த முறையில் எழுதித் தரப்படும்.' அதுவும் பக்கத்துக்குப் பக்கம் இருந்தது. திருடிய வீட்டில் விசிட்டிங் கார்டு வைத்துவிட்டு வந்த ஆள் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

மூன்று குழுக்களின் வாட்ஸ்அப்பிலும் போட்டேன். அங்கிருந்து அது எங்கெங்கோ போனது. துபாயிலிருந்து ஒருவர், நன்றி ஐயா, பட்டா மாறுதலுக்கும் மனு எழுதுவீர்களா என்று கேட்டு அனுப்பினார். பெருமையாக இருந்தது. அக்காவிடம் காட்டினேன்.

"அவங்களைக் கேட்டியா?" என்றார்.

"கேட்டேன்க்கா. தாராளமா செய்யுங்கன்னாங்க."

அதுதான் முதல் பொய்.

அக்காவுக்கு வயிற்றுவலி வந்தது அதற்குப் பிறகு. வேலூருக்கு அழைத்துப் போனோம். கட்டி என்றார்கள். அறுக்க முடியாத இடத்தில் இருந்தது. சில மாதங்களில், வீட்டில் வைத்து நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். அக்கா வீட்டுக்கு வந்த அதே வாரம் பதிப்பகத்தின் கடிதம் ஸ்பீடு போஸ்டில் கடைக்கு வந்தது.

'பதிப்புரிமைச் சட்டத்தின்படி' என்று ஆரம்பித்தது. அந்தப் பத்திக்குமேல் நான் படிக்கவில்லை. குழுக்களை நடத்துகிறவர் என்று அக்காவைத்தான் பிடிக்க வருவார்கள் என்று முடிவு செய்துகொண்டேன். அன்றே கடைப் பலகையில் செல் நம்பர் இருந்த இடத்தில் காலண்டரை மாட்டினேன். மறுநாள் ஒரு போலீஸ்காரர் வந்து ஆதார் அட்டையை நீட்டினார்.

"சார், அது எங்க அக்காவுக்குத் தெரியாது சார்" என்றேன்.

"எது?"

"ரெண்டு பக்கமும் போடணுமா சார்?"

"ஆதார்ல ரெண்டு பக்கந்தானய்யா இருக்கு. மூணாவது பக்கம் உன்கிட்ட இருக்கா?"

ஊருக்கெல்லாம் 'ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்' என்று எழுதித் தருகிற எனக்கு, அந்தக் கடிதத்துக்கு ஒரு வரிப் பதில் எழுத வரவில்லை. அதற்குப் பதிலாக மூன்று குழுக்களுக்கும் ஒரு செய்தி அனுப்பினேன். 'அக்கா சொல்லச் சொன்னார்கள். கேள்வி ஃபைலை எல்லோரும் உடனே அழித்துவிடவும். மறு அறிவிப்பு வரும்வரை கூட்டம் வேண்டாம்.' என் பெயரில் சொன்னால் காரணம் கேட்பார்கள். அக்கா சொன்னார் என்றால் யாரும் கேட்க மாட்டார்கள். கேட்கவில்லை. ஒரு மணி நேரத்தில் எல்லோரும் அழித்துவிட்டார்கள்.

பிறகுதான் உறைத்தது. உடம்பு முடியாதவரைப் பார்க்க இவர்கள் வருவார்கள். வந்தால், ஏன் அழிக்கச் சொன்னீர்கள் என்று கேட்பார்கள். முட்டை உடைந்ததற்கே அந்தப் பதில் சொன்னவர், நான் யாரையும் கேட்காமல் செய்தது தெரிந்தால் என்ன ஆவார்? இரண்டாவது செய்தியை அனுப்பினேன். 'யாரும் இப்போது பார்க்க வரவேண்டாம் என்று அக்கா கேட்டுக்கொள்கிறார்கள். ஜெபித்துக்கொள்ளவும்.'

அக்காவின் காலம் கம்மி என்று அப்போது எனக்குத் தெரியும். தெரிந்துதான் அனுப்பினேன். விஷயம் ஓய்ந்ததும் எல்லோரையும் கூப்பிட்டுக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டேன்.

அக்கா தினமும் கேட்டார்.

"டீச்சர் வரலையாடா?"

"மல்லாட்டை புடுங்கற நேரம்க்கா."

"அவங்களுக்கு ஏதுடா நெலம்?"

"பசங்கல்லாம் லீவு போட்டுட்டுக் காட்டுக்குப் போயிடுதுங்களாம். தேடிப் புடிச்சு இட்டாரப் போயிருக்காங்க."

சிரித்தார். சிரித்தால் வலிக்கும், வயிற்றைப் பிடித்துக்கொள்வார். அடுத்த வாரம் கெஸ்ட் ஹவுஸ் பெண்களைக் கேட்டார்.

"பௌர்ணமிக்கா, கிரிவலம். கூட்டம். பஸ்ஸெல்லாம் ஊருக்கு வெளியவே நிறுத்திட்டான்."

"போன வாரமும் பௌர்ணமின்ன."

"ரெண்டு நாள் வருமில்ல."

"உங்க ஊர்ல மாசத்துக்கு எத்தினி பௌர்ணமிடா?"

"கூட்டமாச்சும் நடக்குதா?" என்றும் கேட்பார். "ஆறாவது பாடம் முடிச்சிட்டாங்கக்கா" என்பேன். அடுத்த வாரம் ஏழாவது. நடக்காத கூட்டத்தில் யார் என்ன பதில் சொன்னார்கள் என்று நானே இட்டுக்கட்டிச் சொன்னேன். அக்கா கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். நான் அதில் கைதேர்ந்துவிட்டேன். சில பதில்கள் நன்றாகக்கூட இருந்தன.

எட்டாவது பாடம் வரை வந்தபோது ஒரு புதன்கிழமை மாமா என்னை வாசலுக்கு அழைத்தார்.

"மச்சான், அந்த லெட்டரை முழுசா படிச்சியா?"

கடிதத்தைப் பற்றி மாமாவிடம் மட்டும் சொல்லியிருந்தேன். செய்திகளைப் பற்றி அவரிடமும் சொல்லவில்லை.

"படிச்சேன் மாமா."

"எத்தினி வாட்டி?"

"முதல் பத்தியை ஒரு முப்பது வாட்டி."

மாமா வாங்கி மீதியைப் படித்தார். கீழே இருந்த எண்ணைத் தானே அழுத்தி என் காதில் வைத்தார். எடுத்தவர் நிதானமாகப் பேசினார். ஃபைலை நீக்கிவிடுங்கள், இன்னும் பரவாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். புத்தகம் மறுபடி அச்சுக்குப் போகிறது, வரும்வரை உங்கள் மூன்று குழுக்கள் மட்டும் தாளில் எடுத்து வைத்துக்கொள்ள அனுமதிக் கடிதம் தருகிறோம் என்றார். அவ்வளவுதான். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

"குழு நடத்தறது உங்க அக்காவா? அவங்ககிட்ட குடுங்களேன், ரெண்டு வார்த்தை பேசறேன்" என்றார்.

"தூங்கறாங்க சார்" என்றேன்.

அக்கா தூங்கவில்லை. உள்ளே ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தார்.

அன்றைக்கே எல்லோரையும் அழைத்திருக்கலாம். எனக்குத்தான் எதையும் வேடிக்கையாகச் செய்தால்தானே திருப்தி. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் மூன்று குழுவையும் ஒரே வேனில் ஏற்றிக் கொண்டுவந்து கட்டிலைச் சுற்றி நிறுத்தலாம், அதற்குள் அனுமதிக் கடிதமும் வந்துவிடும், அதைக் காட்டிவிட்டு உண்மையைச் சொன்னால் திட்டு குறையும் என்று திட்டம் போட்டேன். வியாழக்கிழமை வேன் பேசினேன். அக்கா வெள்ளிக்கிழமை காலையில் போய்விட்டார்.

அதற்குப் பிறகு நடந்தவற்றை யாரோ சொல்லக் கேட்டதுபோல்தான் ஞாபகம் இருக்கிறது. ஐஸ் பெட்டி வந்தது. போதகர் வந்தார். இரங்கல் அறிவிப்பை நானே கடைக்குப் போய் அடித்தேன். மாமா அதை வாங்கிப் பார்த்துவிட்டு அடியைக் காட்டித் திருப்பித் தந்தார். அக்காவின் படத்துக்குக் கீழே, மனுக்கள் சிறந்த முறையில் எழுதித் தரப்படும் என்று இருந்தது. கத்தரிக்கோலால் அடியை வெட்டிவிட்டு ஒட்டினோம். அழுகை வரவில்லை. இன்னும் வரவில்லை. கடையைத் திறக்கிறேன், மனு எழுதுகிறேன், சிரிக்கவும் வைக்கிறேன்.

அடக்கத்தன்று எஸ்தர் டீச்சர் என்னைத் தனியாக அழைத்தார்.

"அக்கா எங்க மேல ஏதாச்சும் கோவமா தம்பி? எங்களை ஏன் வரவேணான்னுட்டாங்க?"

"அதெல்லாம் இல்ல டீச்சர்" என்றேன். அதற்குமேல் சொல்லவில்லை. ஒரு வருடமாகச் சொல்லவில்லை. கெஸ்ட் ஹவுஸ் பெண்களில் இருவர் இன்னும் அந்தக் கேள்வியை மனதில் வைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன்.

அக்காவின் கடைசி நாட்களில் துணையாயிருந்த போதகருக்கும், இரவும் பகலும் கூட இருந்து பார்த்துக்கொண்ட மாமாவுக்கும், கஞ்சி காய்ச்சி அனுப்பிய பக்கத்து வீட்டுப் பாய் குடும்பத்துக்கும், அனுமதிக் கடிதத்தோடு பின்னால் புத்தகங்களும் அனுப்பிய பதிப்பகத்தாருக்கும் எங்கள் நன்றி. அக்கா கேட்டுக்கொண்டதாக நினைத்து வாசல்வரைகூட வராமல் இருந்த மூன்று குழுவினருக்கும் நன்றி சொல்ல எனக்கு உரிமையில்லை. நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

அக்கா ஃபைலை அழிக்கச் சொல்லவில்லை. கூட்டத்தை நிறுத்தச் சொல்லவில்லை. உங்களில் ஒருவரையும் வரவேண்டாம் என்று சொல்லவில்லை. இரண்டு செய்திகளையும் எழுதியவன் நான். அவை போனது அக்காவுக்குத் தெரியாது. வியாழக்கிழமை சாயங்காலமும் "யாராச்சும் வந்தாங்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். மறுநாள் காலை அவர் காலமானபோது மாமாவும் நானும் மட்டும் பக்கத்தில் இருந்தோம்.