சார்ஜ் என்ற வண்டிப்பாரம்

மனைவியின் உள்ளங்காலில் கருவேல முள் ஏறியது. இரண்டு நாள் மஞ்சளும் விளக்கெண்ணெயும் வைத்துப் பார்த்தாள். மூன்றாம் நாள் கால் முழங்கால் வரை வீங்கிவிட்டது. புதுக்கோட்டையில் அரசு மருத்துவமனையில் சேர்த்தோம். அன்று வியாழக்கிழமை. வார்டில் முப்பத்திரண்டு கட்டில்கள். வாசலிலிருந்து எண்ணினால் அவளுடையது பத்தொன்பதாவது. எட்டு மணி நேரத்துக்கு ஒன்றாகப் பதினைந்து ஊசி போட வேண்டும் என்றார் டாக்டரம்மா. நான் நின்ற இடத்திலேயே கணக்குப் போட்டேன். முதல் ஊசி வியாழன் மதியம் இரண்டு மணிக்கு என்றால், பதினைந்தாவது செவ்வாய் காலை ஆறு மணிக்கு.

செவ்வாய் மாலை ஆறு மணிக்கு எங்கள் ஊர் மாரியம்மன் கோயிலில் காப்புக் கட்டு.

எங்கள் ஊரில் காப்புக் கட்டும் நேரத்தில் ஊருக்குள் இருக்கிறவர்கள்தான் அந்த வருடத் திருவிழாவுக்கு உரியவர்கள். காப்புக் கட்டிய பிறகு திருவிழா முடியும் வரை யாரும் வெளியூரில் இரவு தங்கக் கூடாது. காப்புக்கு ஊரில் இல்லாத பெண் அந்த வருடம் முளைப்பாரி போட முடியாது. என் மனைவி கல்யாணமாகி வந்த வருடத்திலிருந்து ஒரு வருடம் விடாமல் போட்டிருக்கிறாள். நாற்பத்தாறு முளைப்பாரி, எல்லாவற்றுக்கும் நான் சாட்சி. இது நாற்பத்தேழாவது. எனக்கோ வேறு கவலையும் இருந்தது. அவள் ஆஸ்பத்திரியிலேயே இருந்து, நான் ஊரில் காப்புக்கு நின்றுவிட்டால், அவளுக்குத் துணையாக இரவில் இங்கே வர முடியாது. நிற்காமல் போனால் அவள் என்னை மன்னிக்க மாட்டாள்.

"ஏங்க, அந்த அம்மாகிட்டச் சொல்லுங்க. செவ்வா சாயங்காலத்துக்குள்ள டிஸ்சார்ஜ் ஆயிடணும்" என்று முதல் நாளே தொடங்கிவிட்டாள்.

அந்த வார்த்தைதான் என்னைப் பிடித்துக்கொண்டது.

வெள்ளிக்கிழமை காலையில், பக்கத்துக் கட்டிலில் இருந்த கோட்டைப்பட்டினத்து அம்மா, "அண்ணே, ஒங்க போன்ல சார்ஜ் இருக்கா? மகன் கடல்லேருந்து கரைக்கு வந்துட்டானான்னு கேக்கணும்" என்றார். கொடுத்தேன். அவர் பேசி முடிப்பதற்குள், இரவு வேலை முடிந்த நர்ஸ் ஒருவர் இன்னொருவரிடம், "சார்ஜ் குடுத்துட்டேன், கெளம்புறேன்" என்று சொல்லிப் போனார். செவ்வாய்க்கிழமை விடுவார்களா என்று நான் விசாரித்ததற்கு, இவரிடம் கேளுங்கள், அவரிடம் கேளுங்கள் என்று மூன்று பேர் கைமாற்றி, கடைசியில் என்னை அனுப்பியது வார்டு இன்சார்ஜிடம். பார்க்க வந்த யாரோ பஸ் சார்ஜ் பற்றிப் புலம்பினார்கள். எதிர்க்கட்டில் பெண்ணின் போனில் செய்தி ஓடியது. அதில் ஓர் ஊரில் லத்தி சார்ஜ், இன்னோர் ஊரில் சார்ஜ் ஷீட். ஒன்பது மணிக்குள் என் சட்டைப் பை டைரியில் ஏழு சார்ஜ் எழுதிவிட்டேன், மனைவியின் டிஸ்சார்ஜையும் சேர்த்து.

நான் பேருந்து நிலையத்தில் டைம் கீப்பராக முப்பத்தோரு வருடம் வேலை பார்த்தவன். உள்ளே வருகிற வண்டி, வெளியே போகிற வண்டி ஒவ்வொன்றையும் எழுதியவன். மினிமம் சார்ஜ் என்ற சொல்லை ஒரு நாளைக்கு நூறு தடவையாவது கேட்டிருப்பேன். ஒரு நாள் கூட அது என்ன என்று நினைத்ததில்லை. இப்போது பார்த்தால், ஒரே வண்டி ஏழு ஊருக்குப் பலகை மாட்டிக்கொண்டு என் முன்னால் நிற்கிறது! அப்படி ஒரு வண்டியை நான் நிலையத்தை விட்டு நகர விடுவேனா? கூலிக்கும் அடிக்கும் என்ன உறவு? போனுக்குள் போகும் மின்சாரத்துக்கும் நர்ஸ் கைமாற்றிய பொறுப்புக்கும் என்ன உறவு? தூக்கம் வரவில்லை. பெண்கள் வார்டில் இரவில் ஆண்கள் தங்கக் கூடாது என்பதால் வெளியே கொட்டகையில்தான் படுக்கை. அங்கே எனக்கு அடுத்துப் படுத்திருந்தவர் கல் குவாரியில் வேலை பார்ப்பவர். அவரிடம் கேட்டேன்.

"பாறையில குழி போட்டு மருந்து அடைப்போம்ல, அதுக்கும் சார்ஜ் பண்றதுன்னுதாங்க சொல்லுவோம்" என்றார் அவர். எட்டு.

வார்டில் என் டைரி பிரபலமாகிவிட்டது. சனிக்கிழமை கோட்டைப்பட்டினத்து அம்மா என் மனைவியிடம், "அக்கா, நீங்க ஊசிக்கு அழுவுறீங்க, அண்ணன் சார்ஜுக்கு அழுவுறாரு" என்றார்.

"அது பொறவிக் கோளாறு. எங்க கல்யாணத்துல பந்தியில எத்தன எலை விழுந்துச்சுன்னு எண்ணிக்கிட்டிருந்த ஆளு" என்றாள் இவள்.

முந்நூற்று எண்பத்திரண்டு.

ஊசிக் கணக்கையும் அதே டைரியில் வைத்திருந்தேன். ஒவ்வொரு ஊசிக்கும் ஒரு கோடு. இரவு பத்து மணி ஊசியையும் காலை ஆறு மணி ஊசியையும், ஏழு மணிக்கு உள்ளே விட்டதும் மனைவியிடம் கேட்டு எழுதுவேன். மதியம் இரண்டு மணி ஊசிக்கு மட்டும் நானே பக்கத்தில் நின்று பார்ப்பேன்.

திங்கட்கிழமை மதியச் சாப்பாடு முடிந்த நேரத்தில் என் போன் அணைந்துவிட்டது. வார்டில் இருந்த பிளக்கில் எல்லாம் வேறு போன்கள். மருத்துவமனை வாசலுக்கு எதிரே ஒரு ரீசார்ஜ் கடை. அங்கே கொடுத்து, கடைக்காரர் போட்ட ஸ்டூலில் உட்கார்ந்தேன். கொஞ்சம் உயிர் வந்ததும், வயரோடு அப்படியே கையில் எடுத்து ஆங்கில அகராதியைத் திறந்தேன். இத்தனை நாளாக அர்த்தங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கீழே சின்ன எழுத்தில் சொல் பிறந்த கதை இருப்பதை அன்றுதான் கவனித்தேன்.

அங்கே ஒரு வண்டி நின்றுகொண்டிருந்தது!

வடக்கே வாழ்ந்த கெல்ட் இனத்தாரிடமிருந்து ரோமாபுரிக்காரர்கள் சக்கர வண்டி ஒன்றையும் அதன் பெயரையும் எடுத்துக்கொண்டார்கள். கர்ருஸ் என்பது அந்தப் பெயர். வண்டியில் பாரம் ஏற்றுவதற்கு அதிலிருந்தே ஒரு வினைச்சொல் செய்தார்கள். அது பிரெஞ்சுக்காரர்கள் வாயில் தேய்ந்து, கடல் தாண்டி, ஆங்கிலத்தில் சார்ஜ் ஆகிவிட்டது. நாம் கார் என்கிறோமே, அதுவும் அதே வண்டி. கப்பல் சரக்கைக் கார்கோ என்கிறோமே, அதுவும் அந்த வண்டிப்பாரம். டைரியை விரித்து எட்டையும் ஒவ்வொன்றாக அந்த வண்டிக்குப் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தேன். குவாரிக் குழியில் மருந்து ஏற்றுவது, சரி. பேட்டரியில் மின்சாரம் ஏற்றுவது, சரி. ஒருவர் தலையில் பொறுப்பை ஏற்றினால் இன்சார்ஜ். செலவை ஏற்றினால் பஸ் சார்ஜ். குற்றத்தை ஏற்றினால் சார்ஜ் ஷீட். நாமும் குற்றம் சுமத்தினார்கள் என்றுதானே சொல்கிறோம்! எங்கோ ஒரு ரோமாபுரி வண்டிக்காரனும் நம் ஊர்க் கோர்ட்டு குமாஸ்தாவும் ஒரே மாதிரி நினைத்திருக்கிறார்கள். லத்தி சார்ஜ் மட்டும் கொஞ்சம் முரண்டு பிடித்தது. குதிரைவீரன் ஈட்டியைப் பாய்ச்சலுக்குத் தயாராகத் தாங்கிப் பிடிப்பதிலிருந்து வந்திருக்கலாம் என்று போட்டிருந்தது. அதில் எனக்கு இன்றுவரை முழுத் திருப்தி இல்லை.

அப்போது கடைக்காரர் எட்டிப் பார்த்து, "ஐயா, எம்பது ஏறிருச்சு. எறக்கிக்கிறீங்களா, இன்னும் ஏத்தணுமா?" என்றார்.

ஸ்டூலிலிருந்து எழுந்துவிட்டேன். ஏத்தணுமா! எறக்கிக்கிறீங்களா! அறந்தாங்கிச் சந்தையில் நெல் மூட்டையோடு நிற்கும் வண்டியைப் பற்றித்தான் இப்படிப் பேசுவார்கள். போன் வந்து எத்தனை வருடம் ஆகிறது? யாரும் சொல்லிக் கொடுக்காமல், அகராதி பார்க்காமல், நம் ஜனங்கள் அந்த வார்த்தையை மறுபடி மாட்டு வண்டியிலேயே கொண்டுபோய் ஏற்றிவிட்டார்கள். கடைக்காரருக்கு முழுவதும் விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டு, "அப்ப டிஸ்சார்ஜுன்னா பாரத்த எறக்குறதுங்களா?" என்றார். ஆமாம் ஐயா, ஆமாம்! அவர் கையைப் பிடித்துக் குலுக்கினேன். சாலையைக் கடந்ததே நினைவில்லை. ஒரு வண்டியைக் கூட எண்ணவில்லை.

வார்டுக்குள் ஓடி மனைவியை எழுப்பி, ரோமாபுரி வண்டிக் கதையைச் சொன்னேன்.

"இதச் சொல்லவா இப்புடி மூச்சு வாங்க ஓடியாந்தீங்க?" என்று சொல்லிவிட்டு அவள் அங்கிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு டாக்டரம்மா வந்தார். கட்டைப் பிரித்துப் பார்த்தார். வீக்கம் வற்றியிருந்தது. "நல்லாருக்கும்மா. ஊசி முடிஞ்சிருச்சு. இன்னைக்கே வீட்டுக்குப் போகலாம்" என்றார். மனைவி இரு கையையும் எடுத்துக் கும்பிட்டாள்.

நான் டைரியைப் பார்த்தேன். பதினான்கு கோடுகள்.

மறுபடி எண்ணினேன். பதினான்கு. சும்மா இருந்திருக்கலாம். ஆனால் ஓர் ஊசி குறைந்து, வீட்டுக்குப் போன பிறகு கால் மறுபடி வீங்கினால்? என் வாய் தானாகத் திறந்துவிட்டது. "டாக்டரம்மா, இன்னும் ஒண்ணு பாக்கி. பதினாலுதான் போட்டிருக்கு."

"அப்படியா? அப்படின்னா மதியம் ரெண்டு மணிக்குப் போட்டுட்டு, நாளைக்குக் காலையில சீட்டு எழுதிரலாம்" என்றார் டாக்டரம்மா.

மனைவி என்னைப் பார்த்த பார்வையை எழுத எனக்குத் தெரியவில்லை. "பதினஞ்சும் போட்டாச்சு. எங்கையிலதானங்க போட்டாங்க, எனக்குத் தெரியாதா?" என்றாள்.

நான் விடவில்லை. "காப்புக் கட்டுக்குப் போகணும்னு சொல்றா டாக்டரம்மா. முளைப்பாரிக்காக எத வேணாலும் சொல்லுவா."

"நாப்பத்தாறு வருசத்துல ஒங்ககிட்ட நான் பொய் சொன்னது எத்தன, அதையும் எண்ணி வச்சிருப்பீங்களே. சொல்லுங்க!"

வார்டு முழுவதும் எங்கள் பக்கம் திரும்பியது. நர்ஸ் மருந்துத் தாளை எடுத்து விரலை வைத்துக்கொண்டே வந்தார். திங்கட்கிழமை, மதியம் இரண்டு மணி, கையெழுத்து. அந்த இடத்தில் விரல் நின்றது. "பதினஞ்சு சரியா இருக்கு டாக்டர். நேத்து ரெண்டு மணிக்கு நாந்தான் போட்டேன். ஐயா, அப்ப நீங்க எங்க இருந்தீங்க?"

எனக்கு முன்னால் கோட்டைப்பட்டினத்து அம்மா பதில் சொன்னார். "அண்ணன் ரோமாபுரியில இருந்தாரு சிஸ்டர்!"

முப்பத்திரண்டு கட்டிலும் சிரித்தன. டாக்டரம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு சீட்டு எழுத உட்கார்ந்தார். முப்பத்தோரு வருடத்தில் ஒரு வண்டியைக் கூட எழுதாமல் விடாதவன், கண் முன்னால் நடக்க வேண்டிய ஊசியை விட்டுவிட்டேன். அவமானம்தான். ஆனால் உண்மையைச் சொன்னால், தப்பாகப் போன கணக்குக்கு நான் அவ்வளவு சந்தோஷப்பட்டது வாழ்க்கையில் அந்த ஒரு முறைதான்.

சீட்டில் எல்லாக் கையெழுத்தும் விழ மதியம் ஒன்றரை ஆகிவிட்டது. மாத்திரை வாங்கும் வரிசையில் எனக்கு முன்னால் நாற்பத்தோரு பேர். மூன்று ஐந்துக்கு மாத்திரை கைக்கு வந்தது. கிளம்பும்போது மனைவி யாரிடமும் போய்ட்டு வாரேன் என்று சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் அப்படிச் சொல்லக் கூடாது. கோட்டைப்பட்டினத்து அம்மாவின் கன்னத்தைத் தொட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் என் தோளைப் பிடித்து நொண்டி நடந்தாள். மூன்று நாற்பது வண்டி கண்ணெதிரே போய்விட்டது. அடுத்தது நான்கு இருபது. எங்கள் ஊருக்குப் பாதை பிரியும் விலக்கு வரைக்கும் இருபத்து மூன்று நிறுத்தம். ஒவ்வொன்றிலும் நான் எழுந்து உட்கார்ந்தேன். அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி, முன்னால் சாலையையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

விலக்கில் இறங்கியபோது ஐந்து முப்பத்தெட்டு. கோயில் கொட்டுச் சத்தம் அங்கேயே கேட்டது. தெரிந்தவருடைய ஆட்டோ ஒன்று நின்றது. "ஏறுங்க ஆத்தா, ஒங்கள எண்ணாம காப்புக் கட்டீருவாங்களா" என்று அவர் கதவுக் கம்பியைத் தூக்கிவிட்டார்.

பூசாரி மஞ்சள் கயிற்றைக் கையில் எடுத்துவிட்டார். நாங்கள் கூட்டத்தின் ஓரத்துக்கு வந்தபோது பெண்கள் விலகி வழி விட்டார்கள். காப்பு ஏறியது, குலவைச் சத்தத்தில் என் மனைவியின் குரல் தனியாகக் கேட்டது. பிறகு முளைப்பாரி போடுகிறவர்கள் மண் ஓடுகளை முன்னால் வைத்துத் தரையில் உட்கார்ந்தார்கள். இவளுக்குக் காலை மடக்க முடியவில்லை. இரண்டு பெண்கள் எழுந்து, அவளுக்கென மண்ணும் எருவும் நிரப்பி வைத்திருந்த ஓட்டை ஆளுக்கொரு பக்கம் பிடித்து அவள் இடுப்பு உயரத்துக்குத் தூக்கினார்கள். அவள் நின்றபடியே விதையைத் தூவினாள்.