தோற்றால் அழாத எதிராளி

எங்கள் வீட்டில் கொஞ்ச காலம் நடந்த சண்டைகளில் பாதி சதுரங்கத்தால் வந்தவை. ஆடியது நானும் இல்லை, என் மனைவியும் இல்லை. மூன்றாம் வகுப்பு படிக்கும் எங்கள் மகள். அவளும் மனிதர்களோடு ஆடவில்லை. டேப்லெட்டோடு ஆடினாள்.

என் வேலைக்காகத் திருச்சியை விட்டுக் காட்டுப்பாக்கம் வந்தோம். வந்த நாளிலிருந்து அவள் வெளியே வாய் திறப்பதையே விட்டுவிட்டாள். பள்ளியில் ஆசிரியை எதைக் கேட்டாலும் தலையை மட்டும் ஆட்டுவாளாம். அபார்ட்மெண்ட் பிள்ளைகள் விளையாடக் கூப்பிட்டால் என் முதுகுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்வாள். டேப்லெட்டிடம் மட்டும் வாய் மூடாமல் பேசுவாள். "குதிரையை அங்க வெச்சா நான் பயந்துடுவேனா?" என்று அதை மிரட்டுவாள். அந்தக் குரலைக் கேட்பதற்காகவே ஆபீஸ் விட்டு வந்ததும் அவள் பக்கத்தில் போய் உட்காருவேன்.

"மிஷின்கூட ஆடறதெல்லாம் ஒரு ஆட்டமாங்க? எதிர்ல ஆள் வேண்டாமா?" என்பாள் என் மனைவி.

நான் மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவன். எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். உலக சாம்பியனையே மண்ணைக் கவ்வ வைக்கிற எதிராளியைவிட வேறென்ன சவால் வேண்டும் என்று பிரசங்கம் செய்வேன். லெவலைக் கூட்டிக்கொண்டே போகலாம், அதற்குச் சலிப்பே வராது, சாக்குப்போக்கு சொல்லாது என்றெல்லாம் அடுக்குவேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அது தோத்தா அழுமா?" என்பாள். அழாது என்பேன். "அப்ப இவளுக்கு என்ன தெரியப்போகுது?" என்று எழுந்து போய்விடுவாள்.

மகளுக்கோ அந்த எதிராளிமீது அபார மரியாதை. கீழ் லெவல்களில் கம்ப்யூட்டர் ஒழுங்காக ஆடிக்கொண்டே வந்து, திடீரென்று தன் ராணியைக் கொண்டுவந்து நம் யானையின் வாயில் வைக்கும். "நான் தோத்துட்டே இருந்தேன்ல, அதான் பாவம்னு குடுக்குதுப்பா" என்பாள். அதற்குப் பாவமும் தெரியாது, புண்ணியமும் தெரியாது, அவ்வப்போது தப்பாக ஆடு என்று எவனோ உள்ளே எழுதி வைத்திருக்கிறான் என்று விளக்கினேன். அவள் நம்பவில்லை. தப்பாக ஆடினால் அதற்கென்ன லாபம் என்று திருப்பிக் கேட்டாள்.

கடைசியில் மனைவிதான் ஜெயித்தாள். ஆவடிப் பக்கம் ஒரு பள்ளியில் ஞாயிற்றுக்கிழமை நடந்த போட்டிக்குப் பெயரைக் கொடுத்துவிட்டாள். கோப்பையெல்லாம் யார் கேட்டார்கள்? ஒரு மனிதக் குழந்தைக்கு எதிரே உட்கார்ந்து, பாதியில் எழுந்து ஓடாமல், ஒரே ஒரு ஆட்டத்தை அவள் ஆடி முடிக்க வேண்டும். எங்களுக்கு அது போதும். அன்று மனைவிக்கு வேலை இருந்ததால் நான்தான் ஸ்கூட்டரில் அழைத்துப் போனேன். பூந்தமல்லி தாண்டியும் என் சட்டையை இறுக்கிப் பிடித்திருந்த கை தளரவே இல்லை.

பெற்றோரை ஹாலுக்குள் விடவில்லை. ஜன்னல் கம்பிகளுக்கு வெளியே நாங்கள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றோம். என் மகளுக்கு எதிரே அவள் வயதுப் பெண் ஒருத்தி, இரட்டைச் சடை, ஒரு முன்பல் இல்லை. அந்தப் பெண் கன்னத்தில் கையை வைத்து யோசிக்க ஆரம்பித்தால் யோசித்துக்கொண்டே இருந்தாள். நொடியில் பதில் ஆட்டம் பார்த்தே பழகிய என் மகள், பலகையையும் அவள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். டேப்லெட் உறைந்துபோனால் பார்ப்பாளே, அதே பார்வை.

கொஞ்ச நேரத்தில் அந்தப் பெண் கவனக்குறைவாக ராணியை விட, என் மகள் வெட்டினாள். நான் ஜன்னலுக்கு வெளியே கைமுஷ்டியை மடக்கினேன். அந்தப் பெண் உதட்டைக் கடித்தபடி உட்கார்ந்திருந்தாள். பிறகு தோளில் கண்ணைத் துடைத்தாள். என் மகள் அப்படியே நிமிர்ந்துவிட்டாள். இத்தனை ஆட்டத்தில் அவளுடைய எதிராளி அழுது அவள் பார்த்ததில்லை.

மகள் கையைத் தூக்கினாள். போச்சு, எழுந்து வரப்போகிறாள் என்று நினைத்தேன். நடுவர் அம்மா வந்து குனிந்து கேட்டார், புன்னகையோடு தலையை அசைத்து மறுத்தார், போய்விட்டார். மகள் தொடர்ந்து ஆடினாள். சில நகர்த்தல்கள் கழித்துத் தன் ராணியை எடுத்து, அலுங்காமல் குலுங்காமல், அந்தப் பெண்ணின் யானைக்கு எதிரே கொண்டுபோய் வைத்தாள். அந்தப் பெண் அதை வெட்டினாள். அதன்பின் ஆட்டம் தலைகீழாகி அவள் தோற்றாள்.

வெளியே வந்ததும் ஒரு வாய் தண்ணீர்கூடக் கொடுக்காமல், "ராணியை ஏன் பாப்பா விட்ட? கண்ணு தெரியலையா?" என்று எரிந்து விழுந்தேன்.

"அவ அழுதாப்பா. ராணியைத் திருப்பிக் குடுக்கலாமான்னு கேட்டேன். கூடாதுன்னுட்டாங்க. அதான் நான் லெவலைக் குறைச்சுட்டேன்."

நான் அவள் தலையைத் தடவினேன். எத்தனை பேர் எத்தனை இரவு கண்விழித்து எழுதினாலும் அந்த டேப்லெட்டுக்கு இது வராது. அவளைப் பாராட்டி ஏதோ சொல்ல நான் வார்த்தை தேடிக்கொண்டிருந்தபோது அந்த இரட்டைச் சடை வராந்தாவில் விறுவிறுவென்று வந்து நின்றது. முகமெல்லாம் கோபம்.

"இன்னா, நீ வேணும்னேதான ராணியக் குடுத்த?"

என் மகள் தரையைப் பார்த்தாள்.

"நான் கேட்டனா? எனுக்கு ஒண்ணும் வேணாம். உக்காரு. அடுத்த ரவுண்டு கூப்புட்றதுக்குள்ள இன்னொரு ஆட்டம் ஆடலாம். ஒழுங்கா ஆடு."

நான் என் முதுகை மகளுக்குத் தோதாகத் திருப்பிக்கொண்டேன். அவள் வந்து ஒளியவில்லை. கால்களை மடித்துத் தரையில் உட்கார்ந்தாள். அந்தப் பெண் பையிலிருந்து மடிப்புப் பலகையை எடுத்து விரித்தாள்.

இம்முறை என் மகள் எதையும் விட்டுக்கொடுக்கவில்லை. புருவத்தைச் சுருக்கி, மூச்சை இழுத்துப் பிடித்து ஆடினாள். அந்தப் பெண்ணும் விடவில்லை. ராஜாவை மூலைக்கு விரட்டிக்கொண்டுபோய் அடைத்துவிட்டாள். இது நிஜமான தோல்வி. மகளின் கீழுதடு துடித்தது, பொலபொலவென்று கண்ணீர் விழுந்தது. நான் தூக்கிக்கொள்ளக் குனிந்தேன்.

அந்தப் பெண் ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. "அழுதுக்கோ. நானுங்கூட அழுதேன்ல" என்று காய்களை அடுக்கத் தொடங்கினாள். "இப்ப நீ வெள்ளை எடுத்துக்கோ."

என் மகள் புறங்கையால் மூக்கைத் துடைத்தாள். பலகையைத் திருப்பி வெள்ளைக் காய்களைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். பிறகு தலை நிமிராமலே கேட்டாள்: "உன் பேர் இன்னா?"

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. தண்ணீர்க் குழாய்ப் பக்கம் போய் நின்று மனைவிக்கு போன் போட்டேன்.

"ஜெயிச்சாளா?" என்றாள்.

"ரெண்டு ஆட்டம் தோத்துட்டா" என்றேன். "ஒரு பொண்ணுகிட்ட பேர் கேட்டா."



"என்ன பேராம்?" என்று கேட்டாள். அவளும் அழுதுகொண்டிருந்தாள்.